உடைத்தவர் என்னும் கட்டம்

பாலம் விழவில்லை, விழுந்தவர் பொறியாளர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று என்பதனாலேயே இக்குறிப்பை எழுதத் துணிந்தேன்.

சென்ற திங்கள் செங்கற்பட்டில் ஒரு திருமணப் பந்தியில், என் வயதில் பாதியும் நிரம்பாத ஒருவர் எனக்கு எதிர் இலையில் அமர்ந்திருந்தார். மாமல்லபுரத்துக்கு அருகே கால்வாயின் குறுக்கே ஐம்பதுகளில் கட்டிய மரப்பாலம் திறப்பு விழாவன்றே மக்களோடு விழுந்தது என்றும், அதைக் கட்டிய ஓவர்சியர் கையில் கிடைத்ததையெல்லாம் உடைக்கும் பித்தர் என்றும், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அவர் உரைத்தார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். ஓவர்சியர் உடைத்தார் என்பதை மறுக்க என்னிடம் சான்றில்லை. உடைத்தவற்றின் பட்டியலை எழுதியவனே நான். ஆயினும் பாலம் விழவில்லை என்பதற்குச் சான்று என் பெட்டியில் உள்ளது. அப்பொழுதே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மோர் வந்துவிட்டது. ஆகவே இங்கே சொல்கிறேன்.

அந்த ஓவர்சியரின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று நாற்காலிகளில் அச்சமின்றி அமர்கின்றனர். அவ்வமைதியைக் குலைக்க எனக்கு விருப்பமில்லை. ஊரார் அவரை ஓவர்சியர் என்றனர். நான் மேற்பார்வையாளர் என்றே எழுதுவேன்.

அந்நாளில் செங்கற்பட்டில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் நான் எழுத்தனாகச் சேர்ந்திருந்தேன். முதல் நாள் காலையில் எனக்கென ஒதுக்கிய நாற்காலியை, தலைப்பாகை கட்டிய நெடிய மனிதர் ஒருவர் பின்னங்கால்கள் இரண்டில் நிறுத்தி, அதன் முதுகின்மேல் தம் மார்பைச் சாய்த்து, கண்களை மூடிச் செவி கொடுத்துக் கொண்டிருந்தார். நோயாளியின் நெஞ்சொலி கேட்கும் மருத்துவரைப் போன்ற அந்நிலையைக் கலைக்க அஞ்சி நான் வாயிலிலேயே நின்றேன். சற்று நேரத்தில் நாற்காலி ‘கிறீச்’ என்றது. அவர் கண் விழித்து, மலர்ந்த முகத்தோடு, வலப்பக்கம் உட்காராதீர் என்று எனக்கு அறிவுறுத்திச் சென்றார். அவரே மேற்பார்வையாளர். அன்று முதல் ஓராண்டு இடப்பக்கமாகவே அமர்ந்து எழுதினேன். என் கையெழுத்து இன்றளவும் சாய்ந்திருப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டு பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடம் எதுவாயினும் அவரால் அதனை வாளா கடந்து செல்ல இயலாது. ஆணியால் சேர்த்ததா, பசையால் சேர்த்ததா, எவ்வளவு பாரம் தாங்கும், முறிந்தால் எங்கே முறியும் என்பவை அவருக்கு உணவினும் இன்றியமையாதன. “ஒடையாத வரைக்கும் அது இன்னான்னே தெரியாது வாத்தியாரே” என்பார். நான் தூய தமிழில் பேசிய குற்றத்துக்காக அலுவலகம் முழுவதும் என்னை வாத்தியார் என்றே அழைத்தது.

என் மூக்குக்கண்ணாடியின் வரலாற்றை இங்கே சொல்வது பொருந்தும். மூக்கின்மேல் அமரும் அதன் பாலம் ஒரு முறை இரண்டாக முறிந்தது. மேற்பார்வையாளர் தாமே முன்வந்து, தயிர்க்கட்டியையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காய்ச்சிய தம் சொந்தப் பசையால் அதை ஒட்டினார். மூன்று நாள் உலர்த்தினார். நான்காம் நாள் அதன் ஒரு முனையைச் சாளரக் கம்பியில் மாட்டி, மறு முனையில் ஒரு மண்குடுவையைத் தொங்கவிட்டு, ஆழாக்கு ஆழாக்காக நீர் ஊற்றினார். ஏழாவது ஆழாக்கில் கண்ணாடி முறிந்தது. அவர் துள்ளிக் குதித்தார். முறிந்தது ஒட்டிய இடத்தில் அன்று, அதற்குப் பக்கத்தில். பசை வென்றது, சட்டம் தோற்றது. “மரம் கிழிஞ்சா பாஸு, பசை வுட்டா ஃபெயிலு” என்பது அவருடைய நெறி. பார்வையின்றி நின்ற எனக்கு அவ்வெற்றியில் பங்கு கொள்வது அரிதாயிருந்தது. பின்னர் அவர் மனமிரங்கி அதனை மரையாணியால், அதாவது பட்டறையில் போல்ட் என்னும் பொருளால், பூட்டித் தந்தார். மிதிவண்டியிலிருந்து கழற்றிய ஆணி அது. அதன் கனத்தால் கண்ணாடி எப்பொழுதும் இடப்பக்கம் சரியும். நாற்காலியிலும் நான் இடப்பக்கமே சாய்ந்து அமர்ந்தமையால் உலகம் எனக்கு நேராகவே தெரிந்தது.

அவர் உடைத்தவற்றைப் பதிவு செய்ய ஒரு பதிவேடு வைத்திருந்தார். அரசினர் பதிவேடுகளெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இது அவருடைய சொந்தம் என்பதால் தமிழில் எழுதும் பேறு எனக்குக் கிட்டியது. நாள், பொருள், இணைத்த விதம், தாங்கிய பாரம், முறிந்த இடம், உடைத்தவர் என்று ஆறு கட்டங்கள். ஆறாம் கட்டத்தில் முதல் வரியில் மட்டும் ‘மேற்பார்வையாளர்’ என்று எழுதினேன். அதன்கீழ் பக்கம் பக்கமாக ‘மேற்படியார், மேற்படியார், மேற்படியார்’ என்றே செல்லும்.

திருக்கழுக்குன்றத்தில் உடன் பணியாற்றிய ஒருவரின் மகள் திருமணத்துக்குச் சென்றபொழுது, பந்தலுக்குள் நுழையுமுன் அவர் ஒரு பந்தற்காலை அசைத்துப் பார்த்தார். அவிழ்ந்த கட்டிலிருந்து வாழைத்தார் ஒன்று தவிலின்மேல் விழுந்தது. தவிற்காரர் அதைத் தம் வாசிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று கொண்டு வணங்கியமையால் அன்று பெருந்தீங்கு நேரவில்லை. பதிவேட்டில், ‘பந்தல், கயிற்றுக் கட்டு, ஒரு கை வலிமை, மேற்படியார்.’

மாமல்லபுரத்தில் மட்டும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஒற்றைக் கல்லில் குடைந்த தேர்களை மூன்று முறை சுற்றி வந்து, இதில் எதையும் எதோடும் சேர்க்கவில்லையே என்று முகம் சுளித்தார். சரிவில் நிற்கும் உருண்டைப் பாறை அவரை உறங்கவிடவில்லை. அது ஆணியும் பசையுமின்றி அங்கே நிற்பதைத் தமக்கு எதிரான ஒரு வழக்காகவே கருதினார். அவ்வூர்ப் பக்கம் பணிக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அதன் பின்புறம் சென்று ஒரு தள்ளு தள்ளிவிட்டே வருவார். பதிவேட்டில் அதற்கென ஒரு வரி உண்டு. முறிந்த இடம் ‘இல்லை’, உடைத்தவர் ‘முயற்சி தொடர்கிறது.’

இனிப் பாலத்துக்கு வருவோம்.

கால்வாய்க்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பம் இருந்தது. அங்குள்ள பெண்கள் விடியற்காலையில் மீன் கூடைகளைத் தலையில் சுமந்து, இடுப்பளவு நீரில் கால்வாயைக் கடந்து, மேற்குக் கரையில் செங்கற்பட்டுப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பேருந்து யாருக்கும் காத்திராது. ஆகவே நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ஓடுவர். அவர்களுக்கென மரத்தால் ஒரு நடைபாலம் அமைக்க ஆணை வந்தது.

அதற்குக் கணக்கிட்டவர் எங்கள் பொறியாளர். வயதில் இளையவர், உடலில் பெரியவர், அறிவில் இரண்டும். அவ்வளவு நீளமான மரம் கிடைக்காமையால் உத்தரங்களை இரண்டு துண்டாக வாங்கி நடுவில் இணைக்க வேண்டியிருந்தது. துண்டுகளை முனையோடு முனை வைத்து, இருபுறமும் பலகை சேர்த்து, பசை தடவி, மரையாணி முடுக்குவது திட்டம். இரண்டு தகரக் குப்பிகளில் வந்து, கலந்தவுடன் இறுகும் சீமைப்பசை ஒன்று சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்தது. பொறியாளர் அதன்மேல் காதல் கொண்டார். ஓர் இணைப்புக்கு எட்டு ஆணி என்றிருந்ததை நான்காகக் குறைத்தார். எஞ்சியதைப் பசை தாங்கும். பசையின் வலிமையையும் ஆணியின் வலிமையையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

மேற்பார்வையாளர் சீமைப்பசையை ஏழு விதமாக உடைத்துப் பார்த்து, ஏழிலும் மரமே கிழிந்தது கண்டு, அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். பசையில் அவருக்குக் குறையில்லை, கூட்டலில்தான் குறை.

“பசை நல்லா கீது சார். ஆணியும் நல்லா கீது. ரெண்டையும் கூட்டறதுதான் நல்லா இல்ல” என்றார்.

காரணத்தையும் விளக்கினார். ஆணி நுழைய வேண்டுமாயின் துளை அதனினும் சற்றுப் பெரிதாயிருக்க வேண்டும். பசை இறுகப் பற்றியிருக்கும்வரை மரம் இம்மியும் நகராது. நகராதபொழுது ஆணிக்கு வேலையில்லை. பாரம் முழுவதும் பசையின்மேல். பசை விட்ட பிறகே மரம் நழுவி ஆணியில் முட்டும். அப்பொழுது பாரம் முழுவதும் ஆணியின்மேல். இருவரும் ஒரு நேரத்தில் வேலை செய்வதே இல்லை. எனவே இரண்டில் பெரியது எதுவோ அதை மட்டும் எண்ண வேண்டும்.

பொறியாளர் இதைப் புன்னகையோடு கேட்டு, எந்த நூலில் உள்ளது என்று வினவினார். மேற்பார்வையாளரிடம் நூல் இல்லை. உடைத்துக் காட்டுவதாகச் சொன்னார்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு முந்தைய கிழமைதான், சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த பெரிய அலுவலருக்காக வைத்திருந்த தேக்கு நாற்காலியை, அவர் வருவதற்கு முன் மேற்பார்வையாளர் சோதித்திருந்தார். சோதனை பாதியில் நின்றது. மீதியை அலுவலரே முடித்து வைத்தார். அவர் தரையில் அமர்ந்தவாறே எங்கள் பொறியாளரைப் பார்த்த பார்வை என் நினைவில் உள்ளது. அதன் விளைவாகப் பொறியாளர் மேற்பார்வையாளரிடம் எழுத்து மூலம் ஓர் உறுதி வாங்கியிருந்தார். பாலம் திறக்கும்வரை அரசுடைமை எதனையும் உடைக்கலாகாது. உடைத்தால் வரவிருக்கும் பதவி உயர்வு இல்லை, கடப்பாக்கம் சாலையில் மைல் கற்களை எண்ணும் பணிக்குச் செல்ல வேண்டும். ஒற்றைக் கல்லாலான மைல் கற்கள். இணைப்பே இல்லாதவை. இதனினும் கொடிய தண்டனையை அம்மனிதருக்கு யாராலும் வகுத்திருக்க முடியாது.

இதற்கிடையே பணியிடத்தில் மரங்கள் வந்து இறங்கின. கரையில் குந்தி மரையாணிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம் குப்பத்துப் பெண்களின் தலைவி போலிருந்த ஓர் அம்மையார் நாள்தோறும் வந்து, வேலை ஏன் நகரவில்லை என்று கேட்பார். தலையில் கூடை, வாயில் வெற்றிலை.

“இன்னா ஓவர்சியரு, பாலம் கட்டிகினு கீறியா, ஆணிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிகினு கீறியா?”

அவர் பொறுமையாகத் தம் கவலையை அவ்வம்மையாருக்கும் விளக்கினார். நூல் கற்ற பொறியாளருக்கு விளங்காதது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிற்று.

“எங்க வூட்டுக்காரன் மாதிரின்னு சொல்லு. நான் கூடைய சொமந்துகினு கீற வரைக்கும் அவன் படுத்துகினு கீறான். நான் வுழுந்தாதான் எழுந்து வருவான். ரெண்டு பேரு சம்பாத்தியம்னு அவன நம்பி எவனாச்சும் கணக்குப் போடுவானா?”

மேற்பார்வையாளர், அளவுகளைக் குறிக்க உடன் சென்றிருந்த என்னைப் பார்த்தார். நான் குறித்துக்கொண்டேன். அவ்வம்மையார் கூடையை ஒரு கையால் பற்றி, சேலையை மறு கையால் தூக்கி, நீரில் இறங்கினார். நடுக்கால்வாயில் திரும்பி நின்று, பாலம் வந்தவுடன் முதலில் ஓடப் போவது தாமும் தம் மூன்று பெண்களும்தான் என்று உரக்க அறிவித்தார். மேற்பார்வையாளர் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, அன்று மாலை படாளத்திலுள்ள தம் வீட்டுக்கு மிதிவண்டியை மிதித்தார்.

பிறகு அவர் மெலியத் தொடங்கினார். எதையும் உடைக்காமல் நாள் கழிப்பது அவருக்கு நோயாயிற்று. நாற்காலிகளைக் கடக்கும்பொழுது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். உறைகளை ஒட்டும் பசையையும் நாங்கள் மறைத்து வைத்தோம். அலுவலகத்தில் அமைதி நிலவியது, நாங்கள் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியின் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது இரண்டு வாரம் கழித்தே தெரிந்தது.

ஒரு நண்பகலில் படாளத்துப் பேருந்தில் வந்திறங்கிய பெண்மணி ஒருவர், இடுப்பில் ஒரு சாக்கு மூட்டையோடு நேரே பொறியாளர் அறைக்குள் சென்றார். மேற்பார்வையாளரின் மனைவி. மூட்டையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். அகப்பைகள், முறத்தின் விளிம்பு, அரிவாள்மணையின் அடிப்பலகை, உலக்கைப் பூண், ஒரு கட்டிலின் கால். அனைத்தும் இணைப்பில் முறிந்தவை.

“சாமி, நீங்க சர்க்காரு சாமானையே ஒடைக்கச் சொல்லிடுங்க. என் வூட்ல கொழம்பு கிண்ட ஒரு கரண்டி இல்ல. பத்து நாளா பல்லுக் குச்சியால கிண்டறேன்.”

பொறியாளர் அகப்பை ஒன்றை எடுத்துப் பார்த்தார். முறிந்த இடத்தருகே கரிக்கோலால் பாரம் குறித்திருந்தது. அவர் நல்லவர், அதுவே அவருடைய இடுக்கண். அப்பெண்மணியை அமரச் சொன்னார். அவரும் அமருமுன் நாற்காலியை ஒரு முறை அசைத்துப் பார்த்தது எங்கள் அனைவர் கண்ணிலும் பட்டது. குடும்பம் முழுவதும் இந்நோய் பரவுமுன் ஒரு முடிவு காண்பதெனப் பொறியாளர் தீர்மானித்தார்.

தீர்ப்பு இது. பாலத்தின் இணைப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்ய வேண்டும். அளவு பத்தில் ஒன்றானால் வலிமை நூறில் ஒன்றாகும். மரம் அரசினுடையதாய் இருத்தல் கூடாது. உடைக்கவும் கூடாது, தாங்குகிறது என்று காட்டிவிட்டு இறக்கிவிட வேண்டும். அதன் பின் மேற்பார்வையாளர் வாய் திறக்கலாகாது.

பாலத்துக்கு வாங்கியது வேங்கை. மேற்பார்வையாளர் வீட்டுக் கட்டிலும் வேங்கை. கட்டிலுக்கு ஏற்கெனவே ஒரு கால் இல்லாமையால் அவர் மனைவி எஞ்சியதையும் கொடுத்துவிட்டார். நான்கு சிறு மரையாணிகள், மிதிவண்டிக் கடையில் வாங்கியவை. சீமைப்பசை மட்டும் பொறியாளர் தம் கையால் கலந்து தடவினார். அலுவலக முற்றத்துப் புளிய மரக் கிளையில் அம்மாதிரியைத் தொங்கவிட்டு, அடியில் முழங்கால் உயரத்தில் தராசுத் தட்டுப் போல ஒரு பலகை கட்டினர்.

கணக்கைச் சுவரில் கரியால் எழுதியது நானே. பசை இருநூற்றைம்பது பவுண்டு தாங்கும், ஆணிகள் இருநூறு தாங்கும். பொறியாளர் கூட்டினார், நானூற்றைம்பது. மேற்பார்வையாளர் கூட்டவில்லை, இருநூற்றைம்பது. நாற்பது பெண்கள் கூடைகளோடு ஒருமிக்க ஓடினால், உத்தரம் வளைந்து இணைப்பின்மேல் பன்மடங்காக வரும் பாரம், அந்த மாதிரியின் அளவுக்குச் சுருக்கினால், முந்நூறு. ஒருவர் கணக்கில் பாலம் நிற்கும். மற்றவர் கணக்கில் நில்லாது.

மணல் மூட்டைகளை ஏற்றலாம் என்றார் மேற்பார்வையாளர். மூட்டையில் எவ்வளவு மணல் என்று யார் அறிவார் என்றார் பொறியாளர். தம் எடையில் ஐயமில்லை. அன்று காலையில்தான் புகைவண்டி நிலையத்து எடை பார்க்கும் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு வாங்கியிருந்தார். இருநூற்றிரண்டு பவுண்டு. சீட்டின் பின்புறம் ‘உயர்ந்த இடத்தை அடைவீர்’ என்று அச்சிட்டிருந்தது. அதை எங்களுக்குக் காட்டிவிட்டு, காலணியைக் கழற்றி, பலகையின்மேல் ஏறி, சம்மணமிட்டு அமர்ந்தார்.

கிளை முனகியது. இணைப்பு அசையவில்லை. மேற்பார்வையாளர் மரத்தில் செவி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மிஸ்டர், உம்ம பசை என்ன சொல்லுது?”

“நல்லாத்தான் கீது சார். இருநூத்தி ரெண்டுதானே. எறங்கிடுங்க சார். இன்னொருத்தர் ஏறினா தாங்காது.”

அவர் இதை அன்போடும் அச்சத்தோடும் சொன்னார் என்பதற்கு நான் சான்று. அவர் கொடுத்த உறுதியும், கடப்பாக்கத்து மைல் கற்களும் அவர் கண்முன் நின்றன. ஆனால் பொறியாளரை அப்பலகையில் நிலைநிறுத்தவும், இன்னொருவரை ஏற்றவும் இதனினும் சிறந்த வழி உலகில் இல்லை. அந்நேரம் பார்த்து எங்கள் சேவகர், ஒல்லியான மனிதர், பொறியாளருக்குக் காப்பி கொண்டு வந்தார்.

“நீயும் ஏறு” என்றார் பொறியாளர்.

சேவகர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். “அண்ணாத்த, ஏறலாமா?”

“ஏறாத. நீ நூத்திப்பத்து. மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு.”

“காப்பிய எண்ணலியே?”

“அதையும் சேத்துக்க. ஏறாத.”

“ஏறுன்னு சொல்றேன்” என்றார் பொறியாளர். சேவகர் ஏறினார். காப்பித் தட்டைக் கையில் ஏந்தி ஒற்றைக் காலில் நின்றார், மற்றொரு காலுக்கு இடமில்லாமையால்.

முதலில் ஒரு வெடிப்பொலி, பசை விட்டது. பலகை ஒரு மயிரிழை கீழே நழுவி நின்றது. அந்த நொடியில் பொறியாளர் முகத்தில் தோன்றிய தெளிவை நான் கண்டேன். கூட்டல் குறி ஒன்று அங்கிருந்து மறைந்தது போலிருந்தது. அடுத்து ஆணிகள் மரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. பொறியாளர் மணலில் விழுந்தார். அவர்மேல் சேவகர் விழுந்தார். இருவர்மேலும் காப்பி விழுந்தது.

மேற்பார்வையாளர் என் காதருகே ஓடி வந்தார்.

“வாத்தியாரே, சாரு சர்க்காரு சொத்துதானே?”

அவர் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை. உறுதிமொழியின் வாசகத்தை நான் மனத்துள் ஓட்டிப் பார்த்தேன். விடை எளிதாக இல்லை. அதற்குள் மணலிலிருந்து பொறியாளரின் குரல் வந்தது. சேவகரை விலக்கக்கூட அவர் முயலவில்லை.

“எது முதல்ல விட்டுது?”

அவ்வளவில் மேற்பார்வையாளர் மைல் கற்களை மறந்தார். முறிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடிச் சென்று, அவர் அருகே தாமும் மணலில் குப்புறப் படுத்தார். இருவரும் தலையோடு தலை சேர்த்து அத்துண்டுகளைப் பார்த்தனர். பசை பற்றிய முகத்தில் மரத்தின் நார்கள் உரிந்திருந்தன. பசை தன் கடமையை முழுவதும் செய்துவிட்டே மாய்ந்தது. துளைகளோ, ஆணி முட்டிய ஒரு பக்கம் மட்டும் நசுங்கிக் கிழிந்திருந்தன. மறு பக்கம் புதிதாகத் துளைத்தது போலத் தூய்மையாயிருந்தது.

“பசை நின்னுகினு இருந்தப்ப இந்த நாலும் வேடிக்க பாத்துகினு இருந்துச்சு சார்.”

பொறியாளர் மணலில் விரலால் நான்கை இரண்டால் பெருக்கினார். எட்டு ஆணியானால் ஆணிகள் மட்டுமே நானூறு தாங்கும். பசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

“எட்டு போடுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பதிவேட்டைக் கேட்டார். அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கங்களைப் புரட்டினார். ‘மேற்படியார்’ என்னும் சொல்லை எத்தனை முறை படித்தாரோ, வாய்க்குள் சிரித்தார். “எழுதுங்க. உடைத்தவர், பொறியாளர்.”

மேற்பார்வையாளர் உண்மை தவறாதவர். பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு சேவகர் என்றும், அவர் பெயரையும் சேர்ப்பதே முறை என்றும் வாதிட்டார். ஏறச் சொன்னது தாம் என்று பொறியாளர் முடித்துவிட்டார். காப்பிக் கறை படிந்த அப்பக்கம் இன்றும் என்னிடம் உள்ளது.

இரண்டு திங்களில் பாலம் எழுந்தது. திறப்பு நாளன்று வந்த பெரியவர் பட்டு நாடாவை வெட்டியதும், அவர் நடந்து கடக்குமுன்பே நாற்பது பெண்களும் கூடைகளோடு ஓடினர், பேருந்து மணியடித்துவிட்டது. பெரியவரை அவர்கள் இடித்துத் தள்ளவில்லை, அள்ளிக்கொண்டு சென்றனர். பின்னால் ஓர் ஆடும் ஓடியது. பொறியாளரின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளரைக் காணோம். பாலத்தின் கீழே எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு நீரில் நின்று, நடு இணைப்பில் செவியை ஒட்டி, கண்களை மூடியிருந்தார். மேலே சென்ற கூடைகளின் மீன் நீர் முழுவதும் அவர் தலைப்பாகையில் வடிந்தது.

முதலில் ஓடிய அந்த அம்மையார் நடுவில் நின்று குனிந்தார்.

“இன்னா ஓவர்சியரு, இன்னா சொல்லுது?”

“பேசாம நட. கேட்டுகினு கீறேன்.”

மறுநாள் பதிவேட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பொருள், பாலம். இணைத்த விதம், பசையும் எட்டு மரையாணியும். பாரம், நாற்பது பெண்கள், கூடைகள், ஒரு பெரியவர், ஓர் ஆடு. முறிந்த இடம் என்னும் கட்டத்தில் ஒன்றுமில்லை. உடைத்தவர் என்னும் கட்டத்தில் ஒன்றுமில்லை. அவர் அதை நெடுநேரம் பார்த்தார்; மகிழ்ந்தவராகத் தெரியவில்லை.

“காலியா கீதே வாத்தியாரே.”

பதவி உயர்வு கிடைத்தது. வேறூர்களுக்குப் பணி மாறிச் சென்ற பின்னும், என்னைக் காணும்பொழுதெல்லாம் நலம் கேட்குமுன் அந்தக் கட்டத்தையே கேட்பார். காலிதான் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு, நான் அமர்ந்திருக்கும் நாற்காலியின் பின்புறம் மெல்ல வருவார். நான் எழுந்துவிடுவேன். பல்லாண்டுகள் கழித்துச் சிமென்டுக் கற்காரைப் பாலம் வந்தபொழுது பழைய பாலத்தைப் பிரித்தெடுத்தனர். உப்புக் காற்றில் துருவேறிய ஆணிகள் கழலாமையால் மரத்தை அறுக்க வேண்டியதாயிற்றாம். அறுப்பது உடைப்பதாகுமா என்று அவருக்கு மடல் எழுதிக் கேட்டேன். ஆகாது என்று ஒரே சொல்லில் விடை வந்தது. அம்மடலின் உறை அவருடைய தயிர்ப் பசையால் ஒட்டியது. பிரித்தபொழுது தாள்தான் கிழிந்தது.

நினைவிலிருந்து எழுதியமையால் இதில் பிழைகள் இருக்கக்கூடும். பாலத்தில் ஓடியது ஆடா கன்றா என்பதிலும், சேவகர் ஏந்தியது காப்பியா தேநீரா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. கறையை முகர்ந்து பார்த்தும் தெளியவில்லை. அறிந்தோர் திருத்தியருள்க. அப்பாலம் விழுந்தது என்று இன்னும் கருதுவோர் எவரேனும் இருப்பின், முறிந்த இடத்தையும் உடைத்தவர் பெயரையும் தக்க சான்றோடு எழுதி விடுக்க. அவ்விரு கட்டங்களையும் அவர்களுக்காகவே காலியாக வைத்திருக்கிறேன்.